இதமான, இயற்கையோடு ஒட்டிய உடைப் பாணி: நம் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ற முழுமையான வழிகாட்டி

கிராமத்து வீட்டு வாழ்க்கையை நினைவூட்டும் உடைப் பாணிக்கு இணையத்தில் காட்டேஜ்கோர் என்று பெயர்; அதைத் தேடினால் கம்பளி ஸ்வெட்டர், நெருப்பு எரியும் கணப்பு, பனி மூடிய ஜன்னல் என்று வரிசையாகப் படம் வரும். பார்க்க அழகுதான். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருப்பவர்கள் அதில் கொஞ்சத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு, அதுவும் வைகாசி மாதம் சென்னையிலோ திருச்சியிலோ வியர்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு, அந்த உடுப்பில் அரை மணி நேரம் உட்கார முடியாது. நம் உடம்புக்கு இதம் தருவது வேறு: காற்று புகுந்து வெளியேறும் பருத்தி, பல வருஷம் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிப்போன வேட்டி, மார்கழி விடியலில் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொள்ளும் நூல் துண்டு, மழை நாளில் கால் நீட்டி உட்காரும் ஜமக்காளம். இதையெல்லாம் வைத்தே முழுமையான ஒரு பாணியை அமைக்கலாம்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொழுதுபோக்கு முதலில் வரட்டும், உடை அதன் பின்னால் வரட்டும். செடி வளர்க்காதவர் செடி வளர்ப்பவரைப் போல உடுத்தினால் அது ஒரு வாரத்தில் சலித்துவிடும், அலமாரியில் இன்னொரு மூட்டைதான் சேரும். மண்ணில் கை வைத்தோ, பறவை பார்க்க நடந்தோ, துணிக்குச் சாயம் ஏற்றியோ பழகியவருக்கு எந்தத் துணி வேண்டும், எங்கே பாக்கெட் வேண்டும், எந்த நிறம் வேண்டாம் என்பது தானாகப் புரிந்துவிடும்.

படி 1: உங்கள் தெருவில் இருந்து நிறம் எடுங்கள்

இணையத்தில் கிடைக்கும் வண்ண அட்டைகளை ஒதுக்கிவிட்டு, தினமும் கண்ணில் படும் மரம் செடிகளைச் சில வாரம் கவனியுங்கள். அரசமரத்துத் தளிர் செம்பு நிறத்தில் மினுங்கும். புங்கமரம் இலை உதிர்த்துத் துளிர்க்கும்போது அந்த இளம்பச்சை வேறெதிலும் கிடைக்காது. பூவரசம்பூ மஞ்சளாக விரிந்து வாடும்போது செம்மை ஏறும். நாட்டுவாதுமை இலை விழுவதற்கு முன் அடர் சிவப்பாகும், அதைப் பெருக்கித் தள்ளும்போது ஒரு தடவை நின்று பாருங்கள்.

நிலத்தைப் பூவாலும் பறவையாலும் பொழுதாலும் ஐந்தாகப் பிரித்துப் பார்த்த மரபு நம்முடையது, அதை அப்படியே உடைக்குக் கொண்டு வரலாம். தூத்துக்குடி, இராமநாதபுரம் பக்கம் இருந்தால் உப்பின் வெள்ளை, பனையோலைப் பழுப்பு, தாழம்பூவின் வெளிர் மஞ்சள், கடலின் சாம்பல் நீலம். தஞ்சாவூர்ப் பக்கம் என்றால் நாற்றின் பச்சை, வைக்கோல், ஈரக் களிமண்ணின் கருமை, அல்லிப்பூவின் வெளிர் சிவப்பு. மலையோரம் என்றால் பாசி, ஈரப்பாறை, குறிஞ்சிப் பூவின் ஊதா கலந்த நீலம். மூன்று நிறங்களை அடிப்படையாக வைத்துக்கொண்டு, பளிச்சென்று ஒரே ஒரு நிறம் சேர்த்தால் போதும், அதற்கு மேல் போனால் எதையும் எதோடும் சேர்த்து உடுத்த முடியாமல் திண்டாட வேண்டியிருக்கும்.

கடையில் கேட்பதும் எளிது. மாந்தளிர், பாக்கு நிறம், அரக்கு, வெங்காயத்தோல், பாசிப்பச்சை, மயில் கழுத்து, பொன்வண்டு, காப்பிப்பொடி என்று சொன்னால் பழைய ஜவுளிக் கடைக்காரர் யோசிக்காமல் எடுத்துப் போடுவார்.

படி 2: ஒரே ஒரு பொழுதுபோக்கில் தொடங்குங்கள்

ஒரே மாதத்தில் பறவை, செடி, சாயம், எம்பிராய்டரி எல்லாவற்றையும் ஆரம்பிப்பவர்கள் எதையும் தொடர்வதில்லை. ஒன்றை எடுத்து ஒரு பருவம் முழுக்கச் செய்யுங்கள்.

பறவை பார்த்தல்தான் என் முதல் பரிந்துரை, ஏனென்றால் காசு செலவில்லாமல் நாளைக் காலையே மொட்டை மாடியில் தொடங்கலாம். தேன்சிட்டு, கரிச்சான், தவிட்டுக்குருவி, செண்பகம், "டொக் டொக்" என்று தகரத்தைத் தட்டுவது போலக் கூவும் செம்மார்புக் குக்குறுவான் எல்லாம் மரம் உள்ள எந்தத் தெருவிலும் உண்டு. மெர்லின் என்ற இலவசச் செயலி குரலைக் கேட்டே பெயர் சொல்லும், பார்த்ததை ஈபேர்டு செயலியில் பதிவு செய்யலாம். கார்த்திகையில் இருந்து மாசி வரை வலசைப் பறவைகள் வரும் காலம், அப்போது வேடந்தாங்கலோ, நெல்லைப் பக்கம் கூந்தன்குளமோ, சென்னையில் பள்ளிக்கரணையோ ஒரு நடை போய்விட்டு வாருங்கள். பொங்கல் விடுமுறை நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது, வீட்டு வாசலில் பதினைந்து நிமிஷம் நின்று எண்ணிப் பதிவிட்டாலே நீங்களும் அதில் ஒருவர்.

இந்தப் பழக்கம் உடையை எப்படி மாற்றுகிறது பாருங்கள். தூய வெள்ளையும் பளிச் சிவப்பும் பறவைகளைக் கலைத்துவிடும், அதனால் பாசிப்பச்சையும் மண் நிறமும் தானாக அலமாரிக்கு வரும். நீர்நிலை ஓரம் கொசு பிய்த்து எடுக்கும் என்பதால் முழுக்கைச் சட்டை, கணுக்கால் வரை தளர்வான பேன்ட், சின்ன நோட்டுப் புத்தகம் நுழையும் அளவு பாக்கெட். வெயில் ஏறியதும் தலையில் கட்ட ஒரு நூல் துண்டு. அவ்வளவுதான், ஒரு முழு உடுப்பு தயார்.

செடி வளர்ப்பவர்கள் மரிக்கொழுந்து, ஓமவல்லி, துளசி, தூதுவளை, வெட்டிவேர் என்று மணமும் பயனும் உள்ளவற்றில் தொடங்கினால் சீக்கிரம் சாகாது, கைக்கும் மணம் ஒட்டும். மண் வேலைக்கு முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்ட முடிகிற கைலி, அல்லது அகலமான பருத்திப் பைஜாமா. வாழைநாரில் பூத் தொடுக்கப் பழகுவதும் அருமையான பொழுதுபோக்கு, பாட்டியோ பூக்கார அக்காவோ சொல்லிக் கொடுத்தால் ஒரு மாலையில் வந்துவிடும், கை வேகம் மட்டும் மெதுவாகத்தான் கூடும்.

படி 3: வாங்குவதற்கு முன் வீட்டு பீரோவைத் திறங்கள்

அம்மாவின் பழைய நூல் புடவை, அப்பாவின் கரை கிழிந்த வேட்டி, தாத்தாவின் துண்டு. இவற்றைவிட இதமான துணி எந்தக் கடையிலும் கிடைக்காது, காரணம் எளிது: பல நூறு சலவையில் கஞ்சியும் விறைப்பும் போய் இழை முழுக்கத் தளர்ந்திருக்கும். ஐந்தரை மீட்டர் புடவையில் ஒரு நீளக் கவுனும் ஒரு சட்டையும் சில சமயம் ஒரு தோள்பையும்கூட வந்துவிடும். ஆனால் முதலில் துணியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள், நைந்த இடங்கள் சல்லடையாகத் தெரியும். இரண்டு கையாலும் மெதுவாக இழுத்தால் "சர்" என்று போகிற துணியைத் தைக்கக் கொடுத்துக் கூலியை வீணாக்க வேண்டாம், அதை அடுக்கி ஓட்டுத்தையல் போட்டுப் போர்வையாக்குங்கள்.

யாருடைய புடவை என்று கேட்டுவிட்டுக் கத்திரி வையுங்கள். சில புடவைகளை அப்படியே வைத்திருப்பதுதான் நியாயம்.

படி 4: துணியை அடையாளம் காணக் கற்றுக்கொள்ளுங்கள்

இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏமாற்றம் அதிகம் நடக்கிற இடம் இது. "காட்டன் மாதிரி", "லினன் ஃபினிஷ்" என்று எழுதியிருப்பவற்றில் நிறைய பாலியெஸ்டர். தொட்டால் மிருதுவாக இருக்கும், வியர்த்தால் முதுகில் ஒட்டும். உறுதி செய்ய, தையல் ஓரத்தில் இருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேல் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து, அதே வாசனையோடு, ஊதினால் பறக்கும் சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டியான மணியாகி நிற்கும். இரண்டும் சேர்ந்தாற்போல் இருந்தால் கலப்பு.

அடுத்தது கவுன்ட். நூலின் மெல்லிய தன்மையைச் சொல்லும் எண் அது, எண் கூடக் கூட நூல் மெலிதாகும். 40 கவுன்ட் அன்றாடச் சட்டைக்கும் பேன்டுக்கும் தாங்கும், 80 அல்லது 100 மேல்துண்டுக்கும் கோடைப் புடவைக்கும் சுகம். மெலிதானதே உயர்ந்தது என்று நினைத்து 100 கவுன்டில் தோட்ட வேலைச் சட்டை தைத்தால் ஒரு மாதம் தாங்காது.

நம் ஊர்த் துணிகளில் இந்தப் பாணிக்கு அப்படியே பொருந்துவதைச் சொல்கிறேன். காரைக்குடிப் பக்கத்துக் கண்டாங்கி: கனமான பருத்தி, பெரிய கட்டம், அகலக் கரை, அரக்கும் கடுகு மஞ்சளும் கருப்பும் கலந்த நிறங்கள், 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. முதலில் விறைப்பாக இருக்கும், துவைக்கத் துவைக்கக் குழையும். மதுரைச் சுங்குடி: சௌராஷ்டிரச் சமூகத்தினர் துணியை நூலால் முடிச்சு முடிச்சாகக் கட்டிச் சாயத்தில் முக்கி எடுக்கும் முறை, அவிழ்த்ததும் சின்னச் சின்னப் புள்ளிகள் விண்மீன் போல நிற்கும். அச்சடித்த சுங்குடி விலை குறைவு, வீட்டுக்கு நல்லது. கையால் முடிச்சிட்டதில் புள்ளி ஒவ்வொன்றும் கொஞ்சம் வேறுபடும், கட்டின இடத்தில் லேசான சுருக்கமும் இருக்கும், அதற்குக் கூடுதல் விலை கேட்டால் கொடுக்கலாம். பொள்ளாச்சிப் பக்கத்து நெகமம் பருத்திச் சேலையும் நல்ல தேர்வு. நீலகிரியில் தோடர்கள் வெள்ளைத் துணியில் கருப்பும் சிவப்பும் கொண்டு செய்யும் பூத்தையலுக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. குளிர்ப்பிரதேசத்தில் இருப்பவர்கள் கம்பளிச் சால்வை வாங்கும் காசுக்கு அதில் ஒன்றை யோசியுங்கள், ஆனால் அச்சில் அடித்த போலிகள் நிறைய, பின்பக்கம் திருப்பி நூல் ஓட்டம் தெரிகிறதா என்று பார்த்து வாங்குங்கள். கருங்கண்ணி என்ற நாட்டுப் பருத்தி மானாவாரி நிலத்தில் விளைவது, அந்த நூலில் நெய்த துணி கிடைத்தால் சாயம் ஏற்றாமல் அதன் இயல்பு நிறத்திலேயே உடுத்திப் பாருங்கள். எங்கே போவது என்று தெரியாதவர்களுக்குக் கோ-ஆப்டெக்ஸ் இருக்கிறது, 1935-ல் தொடங்கிய கூட்டுறவு, ஊருக்கு ஊர் கடை உண்டு, தள்ளுபடிக் காலம் பார்த்துப் போனால் விலையும் கட்டுப்படியாகும்.

மொத்தமாக வாங்காதீர்கள். இரண்டு மேலுடை, இரண்டு கீழுடை, ஒரு துண்டு அல்லது துப்பட்டா. ஒரு வருஷத்துக்கு இதுவே தாராளம்.

படி 5: தையல்காரரிடம் என்ன சொல்ல வேண்டும்

துணியைத் தைக்கக் கொடுக்கும் முன் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊற வைத்து நிழலில் காய வையுங்கள், கைத்தறிப் பருத்தி முதல் சலவையில் சுருங்கும், தைத்த பிறகு சுருங்கினால் அக்குளில் பிடிக்கும். அளவு எடுக்கும்போது உடம்பை ஒட்டி எடுக்க வேண்டாம், நன்றாக லூஸ் விடச் சொல்லுங்கள். உங்களிடம் இருப்பதில் மிக வசதியான சட்டையை எடுத்துப் போய் "இதே அளவு" என்று கொடுத்துவிடுவது எல்லா விளக்கத்தையும்விட மேல்.

அப்புறம், பாக்கெட். பெண்கள் உடையில் கேட்காவிட்டால் வைக்க மாட்டார்கள், இரண்டு பக்கமும் சைடு பாக்கெட், முழுக் கை நுழையும் ஆழம் என்று அழுத்திச் சொல்லுங்கள். கை மடித்து மேலே நிறுத்த ஒரு பட்டியும் பொத்தானும் வைத்தால் செடி வேலைக்கு உதவும். உள் ஓரங்களை மடித்து அடிக்கச் சொல்லுங்கள், கைத்தறி ஓரம் பிரியும். பிளாஸ்டிக் பொத்தானுக்குப் பதில் கொட்டாங்கச்சிப் பொத்தான் வாங்கிக் கொடுத்தால் அந்த ஒரே மாற்றத்தில் சட்டை வேறு மாதிரி ஆகிவிடும்.

படி 6: வீட்டிலேயே சாயம் ஏற்றுதல்

உடையும் பொழுதுபோக்கும் ஒன்றாகச் சேரும் இடம் இதுதான். பொருள் எல்லாம் நாட்டுமருந்துக் கடையிலும் சமையலறையிலும் கிடைக்கும். கீழே சொல்லும் அளவு 100 கிராம் எடையுள்ள காய்ந்த பருத்தித் துணிக்கு, அதாவது ஏறத்தாழ ஒரு மெல்லிய துப்பட்டாவுக்கு.

முதலில் கஞ்சியும் எண்ணெய்ப் பிசுக்கும் போக வேண்டும். ஒரு தேக்கரண்டி சலவைச் சோடா போட்ட தண்ணீரில் ஒரு மணி நேரம் கொதிக்க விட்டு அலசுங்கள். தண்ணீர் பழுப்பாக இறங்கும், அது இறங்காவிட்டால் சாயம் திட்டுத் திட்டாகத்தான் பிடிக்கும்.

பிறகு கடுக்காய். 20 கிராம் கடுக்காய்த் தூளைச் சூடான தண்ணீரில் கரைத்து, துணியை ராத்திரி முழுக்க ஊற வைத்து, அலசாமல் பிழிந்து காய வையுங்கள். பருத்திக்குத் தானாகச் சாயத்தைப் பிடித்து வைக்கும் குணம் குறைவு, கடுக்காயில் உள்ள துவர்ப்புப் பொருள்தான் இழையில் ஒட்டி அடுத்து வரும் படிகாரத்தைப் பிடித்துக்கொள்கிறது. மறுநாள் 15 கிராம் படிகாரத்தைச் சூடான நீரில் கரைத்து அதிலும் ஒரு ராத்திரி. லேசாக அலசினால் துணி சாயத்துக்குத் தயார்.

இப்போது நிறம். வெங்காயச் சருகு 100 கிராம் வேண்டும், வீட்டில் சேர்த்தால் வாரக்கணக்காகும், காய்கறிக் கடையில் கேட்டால் ஒரு பை நிறையத் தருவார்கள். மூழ்கும் அளவு தண்ணீரில் ஒரு மணி நேரம் கொதிக்க வைத்து வடிகட்டி, ஈரத் துணியைப் போட்டு மெல்லிய தீயில் முக்கால் மணி நேரம் கிளறி, அப்படியே ஆற விட்டு மறுநாள் எடுங்கள். பொன்னும் செம்பும் கலந்த நிறம் வரும். மாதுளை ஓடு கடுகு மஞ்சள் தரும், துலுக்கச் சாமந்தி பளிச் மஞ்சள் தரும், மஞ்சிட்டி வேர் செங்கல் சிவப்பு தரும். மஞ்சிட்டியைத் தளதளவென்று கொதிக்க விடாதீர்கள், சிவப்பு போய்ப் பழுப்பு ஏறும், கை பொறுக்காத சூடு வரை போதும்.

பாசிப்பச்சையும் சாம்பலும் வேண்டும் என்றால் இரும்பு. துருப்பிடித்த ஆணிகளை வெல்லம் கரைத்த தண்ணீரில் போட்டு இரண்டு மூன்று வாரம் மூடி வையுங்கள், துணியில் கையால் ஓவியம் தீட்டும் கலங்காரிக் கலைஞர்கள் கருப்புக் கோட்டுக்குப் பயன்படுத்துவது இந்த முறையில் செய்ததுதான். வாளித் தண்ணீரில் சில கரண்டி மட்டும் கலந்து, மாதுளை ஓட்டில் சாயம் ஏற்றிய துணியை இரண்டு நிமிஷம் முக்கினால் கண் முன்னே மஞ்சள் மங்கிப் பாசி நிறமாகும். அதிக நேரம் வைத்தால் இரும்பு இழையை அரிக்கும், நிறம் பிடித்ததும் உடனே அலசிவிடுங்கள்.

பீட்ரூட்டிலும் மஞ்சள் தூளிலும் நேரம் செலவழிக்க வேண்டாம். பீட்ரூட் சில சலவையில் காணாமல் போகும். மஞ்சள் வெயிலில் வெளுக்கும், சோப்பு பட்டால் சிவக்கும். அவுரி நீலம் நிலையானது, திண்டிவனம் விழுப்புரம் பக்கம் பயிராகும் செடி, ஆனால் அதைப் புளிக்க வைத்துச் சாயமாக்குவது தனிக் கலை, தெரிந்தவரிடம் நேரில் கற்றுக்கொள்வதே சரி.

சாயத்துக்கென்று ஒரு எவர்சில்வர் பாத்திரம் தனியாக வையுங்கள், அதில் திரும்பச் சமைக்கக் கூடாது. மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்க்கச் சொல்லும் குறிப்புகள் நிறைய உண்டு, அது நச்சு, வீட்டில் வேண்டவே வேண்டாம். சாயம் ஏற்றிய துணியைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் தனியாக அலசி, உட்பக்கம் வெளியே வரும்படி நிழலில் உலர்த்துங்கள்.

படி 7: சின்னச் சின்னச் சேர்க்கைகள்

நகைக்குச் சுடுமண், மரமணி, மஞ்சாடி விதை. குன்றிமணியைக் கோத்து அணியாதீர்கள், பார்க்க அழகு, ஆனால் துளையிட்ட விதை உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து, குழந்தை இருக்கும் வீட்டில் வைக்கவே கூடாது. மகிழம்பூ காய்ந்த பிறகும் மணக்கும், ஒரு கைப்பிடி சின்னத் துணிப்பையில் கட்டிக் கைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். அலமாரிக்கு வெட்டிவேரும் காய்ந்த வேப்பிலையும்.

விதை, இலை, பூ சேகரிப்பதாக இருந்தால் கீழே விழுந்ததை மட்டும், அதுவும் தெருவில், வீட்டில். காப்புக்காட்டிலும் சரணாலயத்திலும் ஒரு காய்ந்த இலையைக்கூட எடுக்கக் கூடாது, கடற்கரையில் பவளப்பாறைத் துண்டு கிடந்தாலும் விட்டுவிடுங்கள், அது 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டது. பறவைக் கூடு காலியாகத் தெரிந்தாலும் தொட வேண்டாம், சில பறவைகள் அதே கூட்டுக்குத் திரும்பும்.

கிழிசலை மறைக்காமல் தையுங்கள். சாயம் ஏற்றிய துணியில் மிச்சமான துண்டை உள்ளே வைத்து, வேறு நிற நூலில் ஓட்டுத்தையலை நெருக்கமாக வரிசை வரிசையாகப் போட்டால் முழங்கையும் முழங்காலும் இன்னும் பல வருஷம் தாங்கும்.

எந்த மாதத்தில் எதைத் தொடங்கலாம்

பங்குனி, சித்திரையில் சாய வேலை வையுங்கள், துணி சீக்கிரம் உலரும், கொன்றையும் அப்போதுதான் பூக்கும். ஆடியில் விதை போட்டுச் செடி தொடங்குங்கள், தள்ளுபடியில் துணி வாங்குவதும் அந்த மாதம்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியே போக முடியாத நாட்கள் தையலுக்கும் போர்வைக்கும். ஆயுத பூஜை முடிந்த மறுநாள் தெருவெங்கும் வாடிய துலுக்கச் சாமந்தி மாலைகள் குப்பையில் கிடக்கும், அக்கம்பக்கத்துக் கடைகளில் முதல் நாளே சொல்லி வைத்தால் எடுத்து வைப்பார்கள், நாரை உருவி இதழை மட்டும் உதிர்த்து நிழலில் காய வைத்து டப்பாவில் போட்டால் அடுத்த சித்திரைச் சாயம் வரை கெடாது.